அரிசிக்குக் கொடுத்த பெயர்

குருண்
கெடா, மலாயா
14 பிப்ரவரி 1943

அன்பு மகள் பிரேமாவதிக்கு அம்மா எழுதுவது.

நான் கதவைச் சாத்திக்கொண்டு காப்பி குடிக்கிறேன் என்று குருணில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு பாலிங் வரைக்கும் வந்திருக்கும். அதனால் முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். கதவைச் சாத்துவது உண்மை. காப்பி குடிப்பது பொய். பழைய காப்பி டின்னின் அடியில் கொஞ்சம் தூள் இறுகி ஒட்டியிருக்கிறது. காலையில் டின்னைத் திறந்து ஒரு முறை முகர்ந்துவிட்டு மூடிவிடுகிறேன். பிறகு வறுத்த சோளத்தூளில் வெந்நீர் ஊற்றி, கோப்பையும் சாசருமாக மேசையில் வைத்து, உட்கார்ந்து குடிக்கிறேன். கதவைச் சாத்துவது டின்னை முகரும்போது மட்டும்தான். அறுபது தாண்டியவள் டின்னுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நிற்பதை ஊர் பார்க்க வேண்டியதில்லை.

கிளப்பிவிட்டவள் பக்கத்து வீட்டுக் காளியம்மா. "வாசன வருது. கண்ணால வேற பாக்கணுமா?" என்றாளாம்.

உடம்பு நன்றாக இருக்கிறது. ரவிக்கைகளை மட்டும் பிடித்துத் தைத்துக்கொண்டேன். முன்பு குளிக்க ஒரு சோப்பு, துணிக்கு ஒரு சோப்பு, பாத்திரத்துக்கு ஒரு தூள் என்று வாங்கினோம். ஜப்பான்காரன் வந்தபிறகு மூன்றுக்கும் அடுப்புச் சாம்பல்தான். அழுக்கு ஒன்றும் வித்தியாசம் பார்ப்பதாகத் தெரியவில்லை. சுற்றிலும் ரப்பர்க் காடு. ஆனால் பிச்சையின் சைக்கிளுக்கு டயர் கிடையாது. பழைய ரப்பர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு கருவாடு விற்கப் போகிறான். இந்தக் கடிதமும் அவன் கூடையில்தான் வருகிறது. தபாலில் போட்டால் யார் யாரோ பிரித்துப் படிக்கிறார்கள். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்.

உன் வீட்டுக்காரர் இன்னும் எதையும் சாசரில் ஊற்றித்தான் உறிஞ்சுகிறாரா? போன தடவை வந்தபோது அந்தச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

உங்கள் இருவர் சுகத்தையும் எழுது.

அம்மா,
சண்முகவள்ளி நடராஜா


பாலிங்
20 மார்ச் 1943

அன்புள்ள அம்மாவுக்குப் பிரேமா வணக்கத்துடன் எழுதுவது.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். காப்பிப் பேச்சு இங்கும் வந்தது. நான் நம்பவில்லை. நீங்கள் குடித்தால் கதவைத் திறந்துவைத்துக் குடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டு நின்றுவிட்டது. மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி போடுகிறார்கள். கிழங்கைத் துருவி அடை தட்டுகிறேன். நடுவில் களிபோல இருந்தாலும் ஓரம் மொறுமொறுவென்று வரும். ஓரம் முழுவதும் இவருக்குத்தான். சுற்றிவரப் பிய்த்துத் தின்றுவிட்டு நடுவை என் பக்கம் தள்ளுகிறார். கேட்டால், "ஓரம் தின்னா ஒனக்குப் பல்லு வலிக்கும்" என்கிறார்.

உங்களுக்குச் சிரிப்பு வர ஒன்று சொல்கிறேன். புதிதாக வந்த கிராணி கணக்குப் புத்தகத்தோடு, பங்கீட்டு அரிசிக்குப் பெயர் எழுதிக்கொண்டு எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்தார். இவர் காட்டுக்குப் போயிருந்தார்.

"ஒம் புருஷன் பேரு என்னம்மா?"

நான் எப்படி அம்மா சொல்வேன்? "பழனி மல மேல நிக்கிறாரே, அவரு பேருங்க" என்றேன்.

"பழனி. சரி" என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி, "அது இல்லீங்க, மல மேல இருக்கிற சாமி பேருங்க" என்றேன். "அதான் போட்டாச்சுலா, எத்தன தடவ சொல்லுவ?" என்றார். பக்கத்து வீட்டுக்காரி முருகையா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்குச் சிரிக்கவே நேரம் சரியாக இருந்தது.

இப்போது அரிசி போடும் நாளில் "பழனி" என்று கூப்பிட்டால் இவர்தான் பையை நீட்டிக்கொண்டு எழுந்து போகிறார். வீட்டுக்கு வந்து, "நீ வச்ச பேருக்கு அரிசி கெடைக்குது. எங்கம்மா வச்ச பேருக்கு ஒண்ணுமில்ல" என்று கேலி பேசுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
பிரேமா


குருண்
18 ஏப்ரல் 1943

அன்பு மகளுக்கு,

கடிதம் வந்தது. நலம் என்று எழுதியிருந்ததில் சந்தோஷம். அந்தப் பெயர் விஷயம் எனக்குச் சிரிப்பாக இல்லை. கிராணியிடம் போய்த் திருத்தச் சொல். வெட்கமாக இருந்தால் உன் வீட்டுக்காரரே போய்ச் சொல்லட்டும்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று உனக்கு நான் கற்றுத்தரவில்லை. கான்வென்டில் சிஸ்டர்கள் முழுப் பெயரைச் சொல்லாதவளின் பதிலைக் காதில் வாங்கிக்கொள்ளமாட்டார்கள். உன் அப்பாவை நடராஜா என்று பெயர் சொல்லித்தான் கடைசிவரைக்கும் கூப்பிட்டேன். அவர் எழுபதைத் தாண்டித்தான் போனார். காளியம்மா ஒரு நாளும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. அவர் முப்பதிலேயே போய்விட்டார். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு.

இங்கே தீப்பெட்டி கிடைப்பதில்லை. விடிந்ததும் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு காளியம்மா அடுப்பில் நெருப்பு வாங்கப் போகிறேன். நெருப்பு கொடுக்கிறவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க முடியாது. தீப்பெட்டி தாராளமாகக் கிடைத்த காலமெல்லாம் அவளும் நானும் பேசியதில்லை. இப்போது நாள் தவறாமல் பேசுகிறோம். வசதி நமக்கு எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று நெருப்பை ஊதும்போது யோசிக்கிறேன். அவள் பேச்சு இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு.

பெயரைத் திருத்தியதும் எழுது.

அம்மா


பாலிங்
11 ஜூலை 1943

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பிச்சை அண்ணன் இரண்டு தடவை வந்தபோதும் எழுதி முடித்திருக்கவில்லை. நான் சுகம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

நல்ல மழை. வெட்டிச் சாய்த்த ரப்பர் மரங்களில் காளான் முளைத்திருக்கிறது. உப்புப் போட்டு வதக்கினேன். கறி போலவே இருந்தது. வாசலில் போட்ட பூசணி பூத்துவிட்டது. மழை விட்டபின் கல்லில் உட்கார்ந்து காலை வெயிலில் நீட்டிக்கொள்வேன். எத்தனையோ சாமான் இல்லை என்று அழுகிறோம். வெயிலை யாரும் அளந்து போடுவதில்லை.

நேற்று அடை நன்றாக வந்தது. ஓரம் முழுவதும் நானே தின்றேன்.

பெயரைத் திருத்தினால் ஒரு மாத அரிசி நின்றுவிடும் என்று சொன்னார்கள். அதனால் திருத்தவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

பிரேமா


குருண்
2 ஆகஸ்ட் 1943

பிரேமாவதிக்கு,

என் மூட்டு வலி இருக்கட்டும். ஓரத்தை நீ தின்றாய் என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக்காரர் எங்கே?

பிச்சையிடம் கேட்டேன். "எனக்கு என்னம்மா தெரியும், நான் கருவாடு விக்கிறவன்" என்று கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் கீழே பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

உண்மையை எழுது.

அம்மா


பாலிங்
5 செப்டம்பர் 1943

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். எழுதிவிட்டால் நடந்தது நடந்ததாகவே ஆகிவிடும் என்றுதான் எழுதாமல் இருந்தேன்.

ஜூன் மாதம் ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் கூடுதல் அரிசி போடுகிறார்கள், ஆண்கள் பையோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோரும் குளித்துவிட்டுப் போனோம், கல்யாணத்துக்குப் போவதுபோல. கிராணி பெயர் கூப்பிட்டார். பக்கத்தில் ஜப்பான்காரன் நின்றான். "பழனி" என்றார். இவர் பையை உதறி நீட்டிக்கொண்டு எழுந்து போனார். இவரைத் தராசுப் பக்கம் விடவில்லை. பின்வாசலில் நின்ற லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலையாம், மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவார்களாம்.

நான் லாரியின் பின்னால் ஓடினேன். "ஏங்க, ஏங்க" என்றுதான் கத்த வந்தது. லாரியில் இருந்த எல்லா ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் அப்படித்தானே கூப்பிடுவார்கள். இவர் எந்த மூலையில் இருந்தார் என்றே எனக்குத் தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் இவர் மட்டும் பார்த்திருப்பார்.

மூன்று மாதம் முடிந்துவிட்டது அம்மா.

பிரேமா


குருண்
30 அக்டோபர் 1943

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் இருந்ததில்லை. இந்த முறை இருந்தேன்.

இங்கே ஸ்டேஷன் வழியாகத்தான் சயாமுக்கு ரயில் போகிறது. மாலையில் போய் நிற்கிறேன். வடக்கே போகும் வண்டிகளில் ஆட்கள் இருக்கிறார்கள். தெற்கே வருகிறவை காலியாக வருகின்றன. இப்போது கெடாவே சயாமோடு சேர்ந்துவிட்டது என்கிறார்கள். கொடி மாறியது. அரிசியின் புழு மாறவில்லை.

என்னோடு வந்து இரு. கிழங்கு இங்கும் அதே கிழங்குதான். ஆனால் நெருப்பு வாங்க இரண்டு பேராகப் போகலாம்.

காப்பி டின்னைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி முகர்வதாக இல்லை. அவர் வந்து சாசரில் ஊற்றிக்கொள்ளட்டும்.

அம்மா


பாலிங்
3 மார்ச் 1944

அம்மாவுக்கு,

என்னை அங்கே கூப்பிட்டீர்கள். அவர் வந்தால் இங்கேதான் வருவார் என்று இருந்துவிட்டேன். இனி அதற்கும் அவசியமில்லை.

எங்கள் லயத்துப் பரஞ்சோதி சயாமிலிருந்து தப்பி வந்துவிட்டான். அங்கே காலராவில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்களாம். ஒரு காலையில் செத்தவர்கள் பெயரை வாசித்தபோது "பாலிங் முருகையா" என்று வாசித்தார்களாம். அவன் தன் காதால் கேட்டானாம்.

லயத்தில் பெரியவர்கள் கூடிச் சடங்கைச் செய்துவிட்டார்கள். தாலியைக் கழற்றினார்கள். இங்கே வெள்ளைப் புடவை ஏது? மாவு மூட்டையைப் பிரித்துக் கொடுத்தார்கள். உடுத்தியிருக்கிறேன்.

நீங்கள் வர வேண்டாம். பாதை சரியில்லை.

பிரேமா


குருண்
12 மார்ச் 1944

என் மகளுக்கு,

பிச்சையைத் திண்ணையில்கூட உட்காரவிடாமல், இதை எழுதி முடிக்கும்வரை வாசலில் நிற்கவைத்திருக்கிறேன். நிதானமாகப் படி.

பரஞ்சோதி உன் வீட்டுக்காரரின் உடலைப் பார்த்தானா? பார்க்கவில்லை. பெயரை வாசிக்கக் கேட்டான். வாசித்தது முருகையா. உன் வீட்டுக்காரர் அரிசிக்கு எந்தப் பெயரில் எழுந்து போனார்? லாரியில் எந்தப் பெயரில் ஏற்றினார்கள்? அங்கே போனபிறகு மட்டும் யாராவது உட்கார்ந்து அதைத் திருத்தியிருப்பார்களா? அங்கேயும் சோறு வாங்க அவர் பழனியாகத்தான் எழுந்திருக்க வேண்டும். செத்தாலும் பழனி என்றுதான் வாசித்திருப்பார்கள். பாலிங் பக்கத்தில் முருகையா என்று எத்தனை பேர்! யாரோ ஒரு முருகையா போய்விட்டார். அவருக்காக நான் வருந்துகிறேன். ஆனால் அவருடைய பெண்டாட்டி இருக்க வேண்டிய கோலத்தில் நீ இருக்கிறாய்.

அவர் பிழைத்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்வதில்லை. அவர் செத்ததாக யாரும் இன்னும் சொல்லவில்லை என்றுதான் சொல்கிறேன். தாலியைக் கொடுத்துவிடாதே, உருக்கிவிடாதே. எடுத்து வை.

உடனே பதில் எழுது.

அம்மா


பாலிங்
21 ஜனவரி 1945

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் போட இத்தனை நாள் ஆகிவிட்டது. பிச்சை அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் போனார். காய்ச்சல் வந்து போனது, இப்போது பரவாயில்லை.

பரஞ்சோதியிடம் கேட்டேன். முதலில் "சத்தியமா முருகையாதான்" என்றான். பழனி என்று யாரையாவது வாசித்தார்களா என்று கேட்டதும் அழுதுவிட்டான். "அக்கா, தெனமும் வாசிப்பாங்க. கொஞ்ச நாள் போனா காதுல விழாது" என்றான்.

நீங்கள் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. எப்போதும் போலச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் அதை நம்பிவிட்டு, பிறகு இன்னொருவன் வந்து பழனி என்று சொன்னால்? இரண்டாம் தடவை கழற்ற என்னால் முடியாது அம்மா. இப்படியே இருந்துவிடுகிறேன். இதைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

தாலி இருக்கிறது. அரிசிப் பானையில் போட்டுவைத்திருக்கிறேன். அரிசி இல்லாததால் பானையை யாரும் திறப்பதில்லை.

பிரேமா


குருண்
18 நவம்பர் 1945

அன்பு மகள் பிரேமாவதிக்கு அம்மா எழுதுவது.

எழுதாதே என்றாய், இத்தனை மாதமும் எழுதவில்லை. இப்போது எழுத வேண்டியிருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

ஜப்பான்காரன் போனதிலிருந்து சயாம் வண்டிகளில் ஆட்கள் திரும்பி வருகிறார்கள். நான் போய் நின்று பெயரைக் கூப்பிடுவேன். காளியம்மா குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கூட வருவாள். நான் வரச் சொல்லவில்லை, அவளாக வருகிறாள். "முருகையாங்கிற, பழனிங்கிற. ரெண்டு பேரும் எறங்கிட்டா ஒரு மகள வச்சுக்கிட்டு என்னலா பண்ணுவ?" என்பாள். அவள் பேச்சுக்கு இப்போது பழகிவிட்டேன்.

நேற்று வந்த வண்டியில் நிறையப் பேர். இறங்கி நடக்க முடியாதவர்கள் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "முருகையா" என்று கூப்பிட்டுக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனேன். ஒருவரும் திரும்பவில்லை. திரும்பி வரும்போது "பழனி" என்று கூப்பிட்டேன். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து கிடந்த ஒருவர் கையை ஊன்றி எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தகரக் குவளையை இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் நீட்டினார். சோறு போடக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டார்.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. குவளையில் காளியம்மா தண்ணீர் ஊற்றினாள். அவர் அதைக் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "அத்தையா?" என்றார். குரல் மாறவில்லை.

மாப்பிள்ளை என் வீட்டில் இருக்கிறார். காலில் பெரிய புண். ஆஸ்பத்திரி டிரெசர் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போனார். கால் பிழைக்கும், ஆனால் சில வாரம் ஊன்றக் கூடாது என்றார். உடம்பில் சதை என்று ஒன்றும் இல்லை. கஞ்சி குடிக்கிறார்.

இன்று காலை டின்னை எடுத்தேன். அடியில் இருந்ததைக் கரண்டியால் சுரண்டி வெந்நீர் ஊற்றினேன். நிறம் வந்தது, மணம் வந்ததா என்று தெரியவில்லை. கோப்பையைக் கொடுத்தேன். பிடிக்கத் தெம்பில்லை. நானே வாங்கிச் சாசரில் ஊற்றிப் பிடித்தேன். உறிஞ்சினார். சத்தம் வீடு முழுவதும் கேட்டது. நான் கதவைச் சாத்தவில்லை.

அவருக்கு நடந்த சடங்கைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பிறகு யார் வாயிலோ கேட்பதற்கு என் வாயில் கேட்கட்டும். காலில் போட்ட கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அடை சுடுறாளா இப்பவும்?" என்று கேட்டார். சுடுகிறாள், ஓரத்தை அவளே தின்கிறாள் என்றேன். "தின்னட்டும்" என்றார். அதற்கப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வான்னு சொல்லாதீங்க அத்தை. எனக்குக் காரியம் பண்ணி முடிச்சவ. செத்தவன் திரும்பி வந்தா பயமாத்தான் இருக்கும். அவளுக்கு வேணும்னா எழுதட்டும்."

நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். உன் கையெழுத்துதான் வேண்டுமாம். பானையில் உள்ளதை எடுத்து மஞ்சள் கயிற்றில் கோத்துவை. கட்ட வேண்டியவர் இங்கே இருக்கிறார். ஆனால் அதற்கு முன்னால் கடிதம் வர வேண்டும்.

மாப்பிள்ளை தூக்கத்திலும் பழனி என்றால்தான் விழிக்கிறார். முருகையா என்று நான் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று இருந்துவிடுகிறார். ஆகவே கடிதத்தின் தலையில் 'என் வீட்டுக்காரருக்கு' என்று எழுதாதே. அவருடைய அம்மா வைத்த பெயரை எழுது. அதை நான் படித்துக் காட்டப் போவதில்லை. அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

பிச்சை இரண்டு நாள் அங்கே தங்கிவிட்டுத் திரும்புகிறான். பதிலை எழுதி அவன் கையில் கொடுத்தனுப்பு.

அம்மா,
சண்முகவள்ளி நடராஜா